நான்காவது கிளாஸில் மல்லிப்பூ

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் நல்ல பனி. அரியலூர் பஸ் நிறுத்தத்தில் எதிர்ச் சாரிக் கடைகளே தெரியவில்லை. கீழப்பழுவூர் பள்ளி போய்ச் சேரும்போது புடவைத் தலைப்பு ஈரம். அரையாண்டுத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பு அறைக் கண்காணிப்பு. பேனா எழுதவில்லை என்றவர்கள், தண்ணீர் கேட்டவர்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். வழக்கம்போல்.

வாங்க வேண்டியவை: உளுந்து, பினாயில், சிவப்பு ரீஃபில்.

சாயங்காலம் இவருக்குப் பிரபுவிடமிருந்து போனாம். கல்லூரியில் கூடப் படித்தவர், பெரம்பலூரில் நாலு வழிச்சாலை ஓரம் பெரிய ஓட்டல் வைத்திருக்கிறார். வருடக் கடைசி விழா நடத்துகிறாராம். ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் சாப்பாடு, வரும் 21 ஞாயிறு மதியம் 'சிங்கிள் மால்ட் விஸ்கி ருசி அரங்கு'. அழைத்தவர்களுக்கு மட்டும்.

இவர் அதை என்னிடம் சொன்ன விதம்: "குடிக்கிறதுக்கு இல்ல மஞ்சு. சும்மா மோந்து பாக்கறது, அதப் பத்திப் பேசறது. வாயில வச்சாலும் துப்பிடலாம். அதுக்குப் பாத்திரம் வச்சிருப்பாங்களாம்."

எட்டு வருடமாகத் தொடாதவர். குடித்துவிட்டு, பைக்கில் மகளை வைத்துக்கொண்டு புளியமரத்தில் மோதி அவளுக்கு முழங்கை உடைந்த அன்றோடு விட்டது. இப்போது மோந்து பார்க்கப் போகிறாராம்.

"போங்க" என்றேன். தடுத்தால் ஒளித்துப் போவார். போகச் சொல்லிவிட்டுக் கவனிப்பது மேல்.

ராத்திரிச் சமையல் உப்புமா. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் நாலைந்து கிராம்பு. அந்தக் காலத்திலும் கிராம்புதான்.


டிசம்பர் 14, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. விடைத்தாள் ஒரு கட்டு முடிந்தது. சுமார்.

பைக் பெட்டியில் மழைக்கோட்டு தேடினேன். துணிக்கு அடியில் ஒரு டப்பா, உள்ளே நாலு சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரோஜா அத்தர். எலுமிச்சை எண்ணெய். கிராம்புத் தைலம். யூகலிப்டஸ். வாயை மறைக்க இரண்டு, உடம்பை மறைக்க இரண்டு என்று தோன்றியது.

"இது என்ன?"

"பல்லு வலி."

"ரோஜா எந்தப் பல்லுக்கு?"

"கடக்காரன் சேத்துக் குடுத்துட்டான்."

பல் வலிக்காரர் அரை மணி கழித்து முறுக்கு தின்றார். கூடத்திலிருந்து எனக்குச் சமையலறை வரை சத்தம்.

இன்னும் சில:
– சென்ட். முன்பு ஒரு முறை அடிப்பார். இப்போது படியிறங்கினால் பக்கத்து வீட்டுக்காரம்மா தும்முகிறார்.
– தேங்காய்ப் பொடி காறிவிட்டது. மூடியைத் திறந்தாலே குமட்டல். கொட்டுவதற்கு வைத்திருந்ததை எடுத்து இட்லிக்குப் போட்டுச் சாப்பிட்டு, "நல்லாருக்கே" என்கிறார்.

இவர் தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் தரம் பார்ப்பவர். தினமும் பெரம்பலூர். ஊர் ஊராக வரும் கேனின் மூடியைத் திறந்து ஒரு மோப்பம். நல்லதா கெட்டதா என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும், மெஷினெல்லாம் அப்புறம்தான் என்று கல்யாணமான புதிதில் பெருமையடித்தவர். அப்படிப்பட்டவருக்குக் காறல் தெரியவில்லை என்றால், நினைப்பு இங்கே இல்லை.


டிசம்பர் 16, செவ்வாய்

குளிர். வெந்நீர் போட கேஸ் பற்றவைக்கும்போது கொல்லைப் பக்கம் இவர் குரல். எதிர்முனையில் தமிழரசன், பால் நிலைய லேபில் இவருக்கு உதவியாள். கேட்டவரை அப்படியே எழுதுகிறேன்:

"இன்னிக்கும் நீயே பாத்துரு தமிழு. நான் பக்கத்துல நிக்கிறேன், நீ தலைய மட்டும் ஆட்டு... இல்லல்ல, மேனேஜருக்குத் தெரிய வேணாம்... வூட்லயும் தெரியாதுப்பா."

வீட்டில் என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்.

ஆக, வேலைக்குப் போகிற நிலையில் கூட இல்லாமல் போகிறார். வேலையைத் தமிழரசன் பார்க்கிறான். எவ்வளவு நாளாக?

பள்ளியில் எட்டாம் வகுப்புத் தாள். அடுத்தடுத்து உட்கார்ந்த இருவர், சதவீதக் கணக்கில் இருவருக்கும் விடை தப்பு. தப்பு வருவது பரவாயில்லை. ஒரே தப்பு இருவருக்கும் வந்தால் ஒருவன் பார்த்து எழுதியிருக்கிறான். கூப்பிட்டு விசாரித்தேன். மூன்றாவது கேள்வியிலேயே ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள்.


டிசம்பர் 18, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

இன்று எனக்குத் தேர்வு வேலை மதியம்தான். இவருக்கும் இன்று மதியம்தான் வேலை. அடுப்பில் பால் வைத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று குளிக்கப் போனேன். பாதிக் குளியலில் தீய்ந்த நாற்றம். ஓடி வந்தால் பாத்திரம் கருகிப் புகை கூடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் பேப்பர் படிக்கிறார்.

"ஏங்க!"

திரும்பிப் பார்த்தவர் புகையைக் கண்ட பிறகுதான் எழுந்தார்.

அருகில் போய் வாயை மோந்தேன். எட்டு வருடப் பழக்கம், வெட்கம் எல்லாம் போய்விட்டது. கிராம்பு. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. ஆனால் கிராம்பு எதற்கு?

அவரும் வழக்கம்போல் நகராமல் நின்றார். முகத்தில் என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். கோபம் இல்லை. குற்றவாளி முகமும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ நான் சொல்வேன் என்பதுபோல்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன். முடிவு.


டிசம்பர் 20, சனி

இவர் லீவு போட்டுக் காலையிலேயே திருச்சி. பைக்குக்கு டயர் பார்க்கவாம். அரியலூரில் டயர் இல்லை, பெரம்பலூரிலும் இல்லை. போன சனிக்கு முந்தின சனியும் டயர்தான்.

பிரபுவுக்கு நானே போன் செய்தேன். பெண்கள் வரலாமா?

"தாராளமா வாம்மா தங்கச்சி! டாக்டரம்மா கூட வர்றாங்க. நடத்தறதே ஒரு பொண்ணுதான், பெங்களூர்லேர்ந்து." பிறகு குரலைக் குறைத்து, "நான் சரவணனக் கூப்புடவே இல்ல தெரியுமா? பழசெல்லாம் தெரியும்ல எனக்கு. போஸ்டர் பாத்துட்டு அவனாதான் வரேன்னான்."

பிரபு கூப்பிட்டதாகச் சொன்னது பொய்.

மகள் ஆதிராவிடம் பேசினேன், கோயம்புத்தூர் ஹாஸ்டல். முழங்கை உடைந்தவளே சொல்கிறாள், "அம்மா, எனக்கே மறந்துடுச்சு. நீ இன்னும் அவர வாசல்ல நிறுத்தி செக் பண்றியா?" புதன்கிழமை வருகிறாளாம். துணி மூட்டையோடு.

சாயங்காலம் இவர் திரும்பினார். டயர் இல்லை. "சைஸ் கெடைக்கல." நாளைக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு?"

"மோந்து பாக்கத்தான்."


டிசம்பர் 21, ஞாயிறு

வீடு திரும்பியாயிற்று. தலை லேசாகக் கிறுகிறுப்பு. எழுத்து கோணுகிறது, பரவாயில்லை. எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸில்தான் போனோம். பைக் வேண்டாம் என்றவர் அவர். (காரணம் யோசித்தேன்.) ஓட்டல் வாசலில் தோரணம், பலூன். மாடியில் ஏசி ஹால். வெள்ளைத் துணி போட்ட நீள மேஜைகள். ஒவ்வொருவர் முன்னாலும் நாலு கிளாஸ், அடி பெருத்து வாய் குறுகி, துலுக்கச்சாமந்தி மொட்டு போல. ஒரு டம்ளர் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், துப்பப் பாத்திரம், வாசனை எழுத ஒரு தாள், பென்சில். தேர்வு அறையேதான். எனக்குத் தைரியம் வந்தது.

கல்குவாரிக்காரர்கள், சிமெண்ட் ஆலை அதிகாரிகள் சிலர், ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர், டாக்டரம்மா. இவருக்கு இடது கைப் பக்கம் நான், வலது பக்கம் குவாரி முதலாளி ஒருவர், மோதிரங்களோடு.

நடத்திய பெண் ஜெயந்தி. கத்தரித்த முடி, தூத்துக்குடிப் பேச்சு, பெங்களூரில் வேலை. சந்தேகப்பட ஏதாவது உண்டா என்று பார்த்தேன். இவரை அவளுக்குத் தெரியாது, நிச்சயம்.

அவள் சொன்னது, நினைவில் இருக்கும்வரை: சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது. வடிக்கும்போது தண்ணீர் நிறம்தான். நிறமும் பாதி வாசனையும் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடப்பதால். நம் ஊர் வெயிலில் பீப்பாயிலிருந்து நிறைய ஆவியாகிப் போய்விடும், அதனால் சீக்கிரம் முதிர்ந்தும் விடும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்கக் கூடாது, விளிம்புக்கு மேல் வைத்து, வாயை லேசாகத் திறந்து மோக்க வேண்டும். முதலில் சாராய நெடி அடிக்கும், அவசரப்படாமல் இருந்தால் பின்னாலேயே மற்றது வரும்.

"சரி தப்பு கெடையாதுங்க. ஒங்களுக்கு என்ன ஞாபகம் வருதோ அதை எழுதுங்க. புக்ல இருக்குறத எழுதாதீங்க."

நான் வந்தது காவலுக்கு. ஆனாலும் கிளாஸைத் தூக்கினேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் ஒரு மனிதரின் வாயில் நான் தேடிய நாற்றம் வேறு, இது வேறு.

முதல் கிளாஸ். வெளிர் மஞ்சள். நெடி போனதும், குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்த வாழைப்பழம், மறுநாள் காலை. கொஞ்சம் கஸ்டர்ட் பவுடர்.

இரண்டாவது. செம்பழுப்பு. பாயசத்துக்கு நெய்யில் வறுத்த திராட்சை. பழைய மர பீரோவைத் திறந்தால் வருவது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். எரிந்து, பிறகு இனித்தது. துப்பவில்லை.

இவர் கிளாஸைத் தூக்குகிறார், கண்ணை மூடுகிறார், நெடுநேரம் மோக்கிறார், வைக்கிறார். குடிக்கவில்லை. நான் கண் கொட்டாமல் பார்த்தேன். குடிக்க வந்தவன் கண் கிளாஸில் இருக்கும். இவர் கண் வலது பக்கமே போகிறது. குவாரி முதலாளியின் தாளுக்கு.

முதலாளி இரண்டாவதற்குக் 'கொத்தமல்லி' என்று எழுதியிருந்தார். அந்தக் கிளாஸில் கொத்தமல்லி எங்கிருந்து வரும்? ஆனால் இவர் தாளிலும் அடுத்த நிமிடம் கொத்தமல்லி.

இருபது வருடமாகத் தேர்வு அறையில் நிற்கிறவள் நான். பார்த்து எழுதுகிறவனின் கழுத்து எப்படித் திரும்பும் என்று தெரியும். ஆனால் ஏன்? சரி தப்பு இல்லாத தேர்வில், மார்க் இல்லாத தாளில், மூக்குக்காகவே சம்பளம் வாங்குகிறவர் ஏன் பார்த்து எழுத வேண்டும்?

மூன்றாவது நம் நாட்டுச் சரக்கு. வெல்லப்பாகு, மாங்காய் வற்றல். இவர் தாளில் முதலாளி எழுதியதே.

நான்காவது. தூக்குவதற்கு முன்பே வந்துவிட்டது. ஹாலே முகம் சுளித்துச் சிரித்தது. இதை வடிக்கிற ஊரில் சதுப்பு நிலத்து மண்கட்டியை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். ஆஸ்பத்திரித் தரை, கட்டுப் போடும் மருந்து. அதற்குப் பின்னால், மீன்சுருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகை. தொலியின் எண்ணெய் எரிகிற அந்தக் கறுப்புப் புகை. அப்படியே எழுதினேன். ஜெயந்தி பின்னால் நின்று படித்துவிட்டு, "மேடம், இத நான் பெங்களூர்ல சொல்லிக்கலாமா?" என்றாள். டாக்டரம்மா கை தட்டினார்.

குவாரி முதலாளி அந்த நேரம் போன் பேச எழுந்து போயிருந்தார். தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இவர் பென்சிலைப் பிடித்தபடி வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. என் கிளாஸை அவர் முகத்தருகே நீட்டினேன்.

"மல்லிப்பூ வாசன வருதுல்லங்க?"

மோந்தார். நன்றாக, நிதானமாக. சிரித்தார்.

"ஆமா. மல்லிதான். நானே சொல்ல வந்தேன்."

கிளாஸைக் கீழே வைத்தேன். ஹால் முழுக்கப் புகை நாற்றம். நடுவில் இவர் மல்லிப்பூ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஓட்டலுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

"எப்பலேர்ந்து?"

"என்ன எப்பலேர்ந்து?"

"அதுல மல்லி இல்லங்க. ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது. எப்பலேர்ந்து மூக்கு தெரியல?"

சாலையில் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். ஆடி மாதம் காய்ச்சலில் கிடந்தாரே, அதற்குப் பிறகு. முதலில் சளி என்று நினைத்தாராம். சளி போனது, வாசனை வரவில்லை. தேங்காய்ப் பொடி, சென்ட், கருகிய பால். எனக்கு ஒவ்வொன்றாக விழுந்தது. சனிக்கிழமைகளில் திருச்சியில் மூக்கு டாக்டர். அந்த நாலு குப்பிகளும் அவர் கொடுத்த பயிற்சி, காலையும் மாலையும் மோக்க வேண்டும். சட்டைப் பைக் கிராம்பும் அதற்குத்தான்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"எதுவுமே வரலன்னாலும் இது வரும்னு நெனச்சேன் மஞ்சு. ஒரு காலத்துல மூடியத் தெறந்தா வாசல்லேர்ந்தே சொல்லுவேன் என்ன சரக்குன்னு. அதாவது வரும்னு..." நிறுத்தினார். "நீ அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டு இருந்தப்ப ஒரு சொட்டு நாக்குல வச்சேன். எரிஞ்சுச்சு. அவ்ளோதான். வெந்நி மாதிரி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவியா? குடிச்சிட்டு வந்து கத விடுறேன்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் இன்னொரு கூத்து. பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, இவரை மேலும் கீழும் பார்த்து, எழுந்து பின் சீட்டுக்குப் போனார். கண்டக்டரும் டிக்கெட் கொடுக்கும்போது இவரை ஒரு முறை முறைத்தார். நாற்றம் என் வாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தம்மா ஏன் எந்திரிச்சுப் போறாங்க?" என்று என்னையே கேட்டார்.


டிசம்பர் 22, திங்கள்

தலைவலி. யாரிடமும் காரணம் சொல்ல முடியாத தலைவலி. பெரம்பலூர் பக்கம் மழையாம், இங்கே இல்லை.

காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு: இதுவும் கதையாக இருந்தால்? எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டார் என்றால்? கண்ணை மூடச் சொல்லி ஒரு கிண்ணத்தில் பெருங்காயம், ஒன்றில் வெறும் அரிசி மாவு. இரண்டையும் மோந்து, "தெரியல" என்றார். அதில் என்ன நிரூபணம்? தெரியும் என்று பொய் சொல்பவனைப் பிடிக்கலாம். தெரியாது என்று சொல்பவனை எப்படிப் பிடிப்பது?

அவரே போய்த் திருச்சி டாக்டர் சீட்டுகளை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். நான் கேட்கவில்லை. படித்தேன்.

பிறகு உட்கார்ந்து, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே, நேற்று சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஐப்பசியில் ஒரு நாள் தமிழரசன் லீவு. கீழப்பழுவூர் பக்கத்து வண்டி வந்தது. இவர் வழக்கம்போல் மூடியைத் திறந்து மோந்து, "போடு" என்றார். அதில் ஒரு கேன் கெட்டிருந்தது. அது பெரிய தொட்டிக்குப் போய், தொட்டிப் பால் முழுக்க வீண். விசாரணை வந்தது. வண்டி வழியில் நின்றிருக்கும், வெயிலில் போட்டிருப்பான் என்று டிரைவர் முருகேசன் மேல் பழி. இங்கே வந்தபோது நல்ல பால்தான் என்று இவர் எழுதிக் கொடுத்தால், தொட்டியில் கெட்டது எப்படி என்று இவரைக் கேட்பார்கள். அதனால், வண்டி தாமதமாக வந்தது, வாசனையில் பிடிபடாத அளவுக்குப் பால் திரியத் தொடங்கியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முருகேசனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"அவன் நிக்கல மஞ்சு. நேராதான் வந்தான். எனக்குத் தெரியும்."

இத்தனை நாளும் நான் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். இருந்தது வேறு இடத்தில், நான் நினைத்ததைவிட ஆழத்தில். குடித்திருந்தால் கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"மேனேஜர்கிட்ட சொல்லிருங்க."

"மூக்கு இல்லாதவன வச்சு என்ன பண்ணுவாங்க? வேல போயிரும்."

"அவனுக்குப் போயிருச்சே."

இவர் சீட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.


டிசம்பர் 23, செவ்வாய்

தேர்வு கடைசி நாள். பிள்ளைகள் மை தெளித்து விளையாட்டு. இரண்டு சட்டை பாழ். நாளையிலிருந்து விடுமுறை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கீழப்பழுவூர் கடைத்தெருவில் முருகேசன். முன்பு இவரைப் பார்க்க வீட்டுக்கு வந்திருக்கிறான், அதனால் முகம் தெரியும். யாருடைய லாரியிலிருந்தோ மக்காச்சோள மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டான்.

"டீச்சர், வணக்கங்க. சார் நல்லா இருக்காருங்களா?"

"இருக்காருப்பா."

"சாரக் கேட்டதா சொல்லுங்க. அவரு ஒருத்தருதாங்க என்னைத் திட்டல. மத்தவங்கல்லாம் கண்டபடி பேசிட்டாங்க."

பஸ் வந்தது. அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். நல்லவேளை, அரியலூர் பஸ்தான்.

இவரிடம் அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். விளக்குப் போடாத கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "சரி" என்றார். எதற்குச் சரி என்று கேட்கவில்லை.


டிசம்பர் 24, புதன்

ஆதிரா வந்துவிட்டாள். மூட்டை துணி, உடைந்த சார்ஜர், புதிதாக வலது காதில் இரண்டாவது ஓட்டை. அப்பாவின் மூக்கைப் பற்றி அவரே அவளிடம் சொன்னார். முருகேசனைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்பா, அப்ப கேஸ் லீக் ஆனா?" எனக்கு இது தோன்றவே இல்லை. அடுப்பு ரப்பர் குழாய் மாற்ற வேண்டும். வாசனை வந்தால் கத்துகிற கருவி ஏதோ கடையில் கிடைக்கிறதாம், பார்க்கிறேன் என்கிறாள்.

டாக்டர் சொன்னாராம், திரும்ப வரலாம், வராமலும் போகலாம். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும்.

இவர் வெள்ளிக்கிழமை மேனேஜரைப் பார்ப்பதாகச் சொல்கிறார். வியாழன் கிறிஸ்துமஸ் விடுமுறை. நம்புவதா?


டிசம்பர் 26, வெள்ளி

மேகம். சில்லென்று காற்று.

நானும் பெரம்பலூர் போனேன். துணைக்கு என்று சொன்னேன். துணைக்கு இல்லை. பால் நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். இவர் கேட்டுக்குள் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

டீ குடித்தேன். இன்னொரு டீ. கேட்டுக்குள் கேன் வண்டிகள் போவதும் வருவதும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்து, பேசிவிட்டேன் என்று சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? டீக்கடைக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்: "போன் வருது போன் வருதுன்னா, எடுத்துப் பேசித் தொலையேன்டா."

வெளியே வந்தபோது இவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தது.

"சொன்னேன்" என்றார். "ரெண்டையும் சொன்னேன். மூக்கையும், முருகேசனையும்."

"என்ன சொன்னாரு?"

"பால் பக்கம் வராதீங்கன்னாரு. தீவன கோடவுன்ல ஒரு எடம் இருக்காம், மேல கேக்கணுமாம். எழுதிக் குடுத்தது பொய்ன்னு ஒரு லெட்டர் குடுக்கணும். நடவடிக்கை இருக்கும்னாரு. முருகேசன திங்கக்கெழம வரச் சொல்றேன்னாரு."

எல்லாம் பொருந்தியது. பொருந்துவதுதான் எனக்குப் பயம். மேனேஜர் திட்டவே இல்லையா? இவ்வளவு சுலபமாகவா? தமிழரசன் எண் என் போனில் இருக்கிறது, காலையில் இவர் போனிலிருந்து எடுத்தது. ஒரு கேள்வி கேட்டால் போதும்: தம்பி, சார் உள்ள போயி பேசுனாரா? போனை எடுத்து, பெயர் வரை வந்துவிட்டேன்.

இவர் பார்த்தார். போனையும் பார்த்தார். "துறையூர் பஸ்ல சீட் இருக்கான்னு பாக்கறேன்" என்று நாலடி தள்ளிப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நமக்குத் துறையூர் பஸ்ஸில் என்ன வேலை?

நான் பேசுவதற்காகத்தான் தள்ளிப் போயிருக்கிறார். பேசி முடிக்கட்டும் என்று அங்கேயே நிற்கிறார். சட்டை முதுகில் வேர்வை, இந்தக் குளிரில்.

போனைப் பைக்குள் போட்டேன். அரியலூர் வண்டி வந்து நின்றது. "ஏங்க, வாங்க, நம்ம பஸ்" என்று கூப்பிட்டேன்.

இன்று கேட்கவில்லை.